மேட்டி மேட்லாக்கின் பெயரை எங்கே வைத்தீர்கள்?

இணையவழி இசைச் சேவைகளை நடத்துவோருக்கும், அமெரிக்காவின் பழைய ஜாஸ் ஒலிப்பதிவுகளை உரிமையாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும்,

சந்தா நினைவூட்டலை எனக்குத் தமிழில்தான் அனுப்புகிறீர்கள். முறையீட்டையும் தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பணம் கட்டிக் கேட்கும் சேவை, 1960க்கு முந்தைய ஜாஸ் தொகுப்புகளின் கீழே இருந்த 'பங்களித்தோர்' பட்டியலை அண்மையில் நீக்கிவிட்டது. சில தொகுப்புகளுக்கு ஒலித்தட்டு உறையின் பின்பக்கப் படம் இருந்தது, அதுவும் போய்விட்டது. ஏன் என்று எழுதிக் கேட்டேன். அந்தப் பகுதியை மிகச் சிலரே திறந்து பார்க்கிறார்கள், முதன்மைக் கலைஞரின் பெயர் வழக்கம்போலத் தெரியும், உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் கருத்துச் சொல்ல எழுதவில்லை. ஒரு பொருளைச் செய்தவர் பெயரைக் கிழித்தெறிந்துவிட்டுப் பொருளை மட்டும் விற்கிறீர்கள் என்று புகார் சொல்ல எழுதினேன். அந்தப் புகாரை இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் தாட்சண்யம் என்று நினைக்க வேண்டாம். நான் திறந்து பார்த்த மற்றவையும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கின்றன. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

'முதன்மைக் கலைஞரின் பெயர் தெரியும்' என்ற அந்த வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அது எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்ட ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கை போதும்.

ஜூலியன் கிளிஃப்டன் மேட்லாக். எல்லோருக்கும் மேட்டி மேட்லாக். 1907இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்காவில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் வளர்ந்து, அங்கேயே சிறுவனாகக் கிளாரினெட்டைக் கையில் எடுத்தவர். 1929இல் டிரம்ஸ் வாசிப்பாளர் பென் போலக்கின் இசைக்குழுவிலிருந்து கிளாரினெட்காரர் பென்னி குட்மன் விலகியபோது, காலியான அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் இவர்தான். குட்மன் சில ஆண்டுகளில் நாடறிந்த நட்சத்திரமானார். அவருடைய இடத்தை நிரப்பியவரைப் பற்றி, அந்த இடத்தை நிரப்பினார் என்பதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

1934இல் போலக்கின் குழு கலைந்தது. அதிலிருந்த வாத்தியக்காரர்கள் சிதறிப் போகாமல் நியூயார்க்கில் ஒன்றுகூடி, சாக்ஸபோன்காரர் கில் ரோடினை முன்னிறுத்தித் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒரு கூட்டுறவுக் குழுவை அமைத்தார்கள். மேடையில் முன்னால் நிற்பதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பியின் தம்பி பாப் கிராஸ்பி 1935இல் அந்த முகமானார். நல்ல மனிதர், நல்ல பாடகர். அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அவர் வாத்தியம் வாசித்தவர் அல்லர். அந்தக் குழுவிலிருந்தே பொறுக்கியெடுத்த எண்மர் 1937இல் 'பாப்கேட்ஸ்' என்ற சிறு குழுவாகத் தனியே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள்: ட்ரம்பெட்டில் யாங்க் லாசன், ட்ராம்போனில் வாரன் ஸ்மித், கிளாரினெட்டில் மேட்லாக், டெனர் சாக்ஸபோனில் எடி மில்லர், பியானோவில் பாப் ஸர்க், கிட்டாரில் நாப்பி லமார், பேஸில் பாப் ஹாகர்ட், டிரம்ஸில் ரே பொடுக். பாட்டே இல்லாத வாத்திய இசைப் பதிவுகளில் இந்த எட்டுப் பேர்தான் ஒலிக்கிறார்கள். உங்கள் திரையில் இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. மூன்று நிமிடப் பதிவில் ஒரு நொடிகூட ஒலிக்காத ஒருவர் மட்டும் அங்கே முதன்மைக் கலைஞராக நிற்கிறார்.

இது ஒரு முறை நடந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். மேட்லாக்கின் தொழில் வாழ்க்கை ஏறக்குறைய முழுவதுமே இப்படி அடுத்தவர் பெயருக்குக் கீழே கழிந்தது.

1942இல் கிராஸ்பி குழு கலைந்த பிறகு அவர் லாஸ் ஏஞ்சலஸில் தங்கிவிட்டார். வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, ஒலித்தட்டு என்று ஸ்டூடியோக்களில் வேலை. 1951இல் ஜாக் வெப் நடித்த 'பீட் கெல்லிஸ் புளூஸ்' என்ற வானொலித் தொடர் வந்தது. அதே பெயரில் 1955இல் திரைப்படம். 1927ஆம் ஆண்டின் கான்சாஸ் சிட்டி மதுவிடுதி ஒன்றில் வாசிக்கும் குழுவின் கதை. அந்தக் குழுவின் வாத்திய இசையைக் கோர்த்தவர், அதாவது யார் எங்கே எதை வாசிப்பது என்று எழுதிக் கொடுத்தவர், மேட்லாக். திரையில் ட்ரம்பெட் போன்ற கார்னெட்டை உதட்டில் வைத்திருப்பவர் ஜாக் வெப். காதில் விழுவது டிக் கேத்கார்ட்டின் கார்னெட். திரையில் கிளாரினெட்டோடு தெரிபவர் லீ மார்வின், மூச்சு மேட்லாக்குடையது. சினிமாவில் அது இயல்பு, அதில் குற்றம் காண நான் வரவில்லை. என் சண்டை அந்த இசை ஒலித்தட்டாக வந்ததோடு தொடங்குகிறது. தட்டில் அச்சான பெயர் 'பீட் கெல்லி அண்ட் ஹிஸ் பிக் செவன்'. பீட் கெல்லி என்று ஒருவர் பிறக்கவே இல்லை, அவர் கதாபாத்திரம். பிறக்காத ஒருவருக்கு உங்கள் சேவையில் கலைஞர் பக்கம் இருக்கிறது, பின்தொடரச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. எழுபத்தொரு வயது வாழ்ந்து 1978இல் கலிஃபோர்னியாவில் இறந்துபோன மனிதர், அந்தத் தொகுப்பின் பக்கத்தில் எங்குமே இல்லை.

1957இல் பிங் கிராஸ்பி, ட்ரம்பெட்காரர் பாப் ஸ்கோபியின் குழுவோடு பாடிய டிக்ஸிலேண்ட் (நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸ்) தொகுப்பு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதன் இசைக்கோர்ப்பும் மேட்லாக்குடையதே. பாடகர் பெயரும் குழுத் தலைவர் பெயரும் உங்களிடம் உண்டு. பின்னணியில் ஒவ்வொரு வரிக்கும் இடையே ட்ரம்பெட் எங்கே நுழைய வேண்டும், கிளாரினெட் எங்கே பாடகருக்கு வழிவிட வேண்டும் என்று தாளில் எழுதிவைத்தவர் பெயர் இல்லை.

இப்படி இசையைக் கோர்க்கும் அரேஞ்சர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். டிக்ஸிலேண்ட் என்றாலே மனம்போன போக்கில் வாசிப்பதுதானே என்பது பொதுவான எண்ணம். கார்னெட் மெட்டைச் சுமக்கும். கிளாரினெட் அதற்கு மேலே வளைந்து வளைந்து ஓடும். ட்ராம்போன் கீழே இருந்து வழுக்கிக்கொண்டு ஏறும். மூன்றும் ஒரே நேரத்தில் பேசினாலும் சண்டையாகாது. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்களும், கிரியோல் எனப்படும் கலப்பு வம்சாவளிக் கலைஞர்களும் தெரு ஊர்வலங்களிலும் நடனக் கூடங்களிலும் வளர்த்தெடுத்த இந்த முறை, ஆறேழு பேர் இருக்கும்வரை தானாக நடக்கும். பன்னிரண்டு பதின்மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் குழுவில் எல்லோரும் மனம்போல ஊதினால் காது கிழியும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் துள்ளல் செத்துவிடும். கிராஸ்பி குழுவில் மேட்லாக்கும் ஹாகர்ட்டும் டீன் கின்கெய்டும் இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தார்கள். கேட்பவருக்கு அந்தக் கணத்தில் தோன்றியது போல இருக்க வேண்டும். வாசிப்பவர் முன்னால் தாள் இருக்க வேண்டும். எங்கே எழுதுவது என்பதைவிட எங்கே வெற்றிடம் விடுவது என்பதுதான் கடினமான முடிவு. தானே கிளாரினெட் வாசிப்பவராக இருந்ததால், மற்றக் கிளாரினெட்காரருக்கு எந்த இடத்தில் மூச்சு வேண்டும் என்று மேட்லாக்குக்குத் தெரிந்திருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் வாசித்துப் பார்த்தவனின் ஊகம்.

1938இல் இர்விங் ஃபஸோலா என்ற நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் குழுவுக்கு வந்ததும், மேட்லாக் கிளாரினெட்டிலிருந்து ஒதுங்கிப் பெரும்பாலும் எழுதும் மேசைக்குப் போய்விட்டார். ஃபஸோலாவின் நாதம் அகலமானது, குழைவானது. கேட்ட மாத்திரத்தில் வசியப்படுத்திவிடும். அப்படி ஒருவருக்கு இடம்விட்டு, அவர் வாசிப்பதற்கு உட்கார்ந்து எழுதுவது எல்லா வித்வான்களுக்கும் வாய்க்கும் குணம் அல்ல.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். திருச்சியில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குக் கிளாரினெட் கற்றுத்தருகிறேன். எங்கள் பக்கத்துக்கு அந்த வாத்தியம் அந்நியமல்ல. நாட்டியத்துக்குப் பின்னால் சின்னமேளத்தில் ஒலித்தது, கர்நாடகக் கச்சேரி மேடையில் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனி வாத்தியமாகவே நிறுத்திக் காட்டினார். என்னிடம் வரும் பிள்ளைகளுக்குக் கமகம் பழக்கம். ஆனால் பலர் சேர்ந்து வாசிக்கும்போது மற்றவர் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சி குறைவு. அதற்காக பாப்கேட்ஸ் பதிவுகளைப் போட்டுக் காட்டுவேன். உங்கள் சேவையில் 1937 பதிவும் 1938 பதிவும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு மாணவி, இரண்டாவதில் ஊதுபவர் வேறு ஆள் போலிருக்கிறதே என்றாள். சரியாகச் சொன்னாள். முதலாவது மேட்லாக், அடுத்தது ஃபஸோலா. பதினான்கு வயதுப் பெண்ணின் காதுக்குப் பிடிபட்டது உங்கள் தரவுத்தளத்துக்குப் பிடிபடவில்லை. அவளே வீட்டில் தேடிப் பார்க்கட்டும் என்று மேட்லாக்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, ஒரு வழக்கறிஞரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் இசைதான் வருகிறது என்றாள். அந்த வழக்கறிஞரின் பெயரும் மேட்லாக்.

பட்டியல் இருந்த காலத்திலேயே நிலைமை ஒழுங்காக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக அவர் தன் பெயரிலேயே, பிறந்த ஊரின் நினைவாகப் 'படூக்கா பட்ரோல்' என்று பெயர் சூட்டிய குழுவோடு பதிவுசெய்த இசை இருக்கிறது. வாழ்க்கையில் அவருடைய பெயர் முன்னால் அச்சான அரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அதை ஒரு பக்கத்திலும், ராம்பார்ட் ஸ்ட்ரீட் பரேடர்ஸ் குழுவில் வாசித்ததை வேறொரு பக்கத்திலும், 'பல கலைஞர்கள்' என்ற குப்பைக்கூடையில் மிச்சத்தையும் போட்டு வைத்திருந்தீர்கள். திருத்தப் பட்டியல் ஒன்று தயாரித்து அனுப்பினேன். என்னிடம் உள்ள எல்.பி. உறைகளின் பின்பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். திருத்தினீர்களா என்று பார்க்கப் போனபோதுதான் பகுதியே காணாமல் போயிருந்தது.

உங்கள் தரப்பில் மூன்று விளக்கங்கள் வரக்கூடும். பழைய பதிவுகளில் யார் வாசித்தார்கள் என்பது உறுதியாகத் தெரியாது என்பீர்கள். சிலவற்றில் உண்மைதான். ஆனால் கிராஸ்பி குழுவின் பதிவுகள் அப்படி இருட்டில் கிடப்பவை அல்ல. ஒலிப்பதிவு ஆய்வாளர் பிரையன் ரஸ்ட் 1942 வரையிலான ஜாஸ் பதிவுகளை அமர்வு வாரியாக, வாத்தியக்காரர் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுகளின் விவரப் பட்டியலை யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்க்க முடிவதை உங்களால் பார்க்க முடியாதா?

அடுத்து, தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்பீர்கள். நிறுவனங்கள் உங்களுக்கு இசையை அனுப்பப் பயன்படுத்தும் தரவுத் தரநிலையிலேயே அரேஞ்சருக்கும் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் கட்டம் இருக்கிறது. உரிமையாளர் அதை நிரப்பி அனுப்புவதில்லை. நிரப்பி அனுப்பினாலும் சேவை அதைக் காட்டுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறீர்கள் என்பதால்தான் இந்த மடலை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாவது விளக்கம் எனக்கு வந்த பதிலிலேயே இருக்கிறது: யாரும் பார்ப்பதில்லை. மூன்று நான்கு முறை தட்டினால்தான் திறக்கும் இடத்தில் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கைக் காட்டி அதையே அழிப்பது என்ன நியாயம்?

உரிமையைப் பற்றிய உங்கள் அக்கறை மட்டும் கூர்மையாகவே இருக்கிறது. 2018இல் அமெரிக்கா இயற்றிய இசை நவீனமயச் சட்டத்தின்படி 1937இல் வெளியான பதிவுக்கு 2037 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. 1955இல் வெளியானதற்கு 2065 வரை. நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஒரு பதிவை உடைமையாக வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்றால், அதில் மூச்சைக் கொடுத்தவரின் பெயரை அத்தனை ஆண்டுகளும் கூடவே வைத்திருப்பது அதிகப்படியான கோரிக்கையா?

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் பெயர் இல்லாத இடத்தில் பணமும் போய்ச் சேராது. அமெரிக்க இணைய வானொலிகள் சட்டப்படி கட்டும் ஒலிபரப்புத் தொகையில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 விழுக்காடு மட்டும் உடன் வாசித்தவர்களுக்கும் பின்னணிப் பாடகர்களுக்குமான நிதிகளுக்குப் போகிறது. அந்த ஐந்து விழுக்காட்டைப் பிரிக்க யார் வாசித்தார் என்று தெரிந்தாக வேண்டும். இசையைக் கோர்த்தவருக்கு அந்தப் பங்கீட்டில் தனியாக இடமே இல்லை. சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்த தாள், கொடுத்த அன்றே அடுத்தவர் சொத்து. அரேஞ்சர் என்பவருக்குக் கடைசியில் மிஞ்சக்கூடியது பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

மேட்லாக் வெள்ளையர் என்பதையும், வெள்ளையருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு என்ன என்பதையும் நான் மறக்கவில்லை. 1935இல் குட்மனை உச்சிக்குக் கொண்டுபோன இசையில் பெரும்பகுதியைக் கோர்த்தவர் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். அதைக் குட்மனே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். குட்மன் சொன்னதை உங்கள் செயலி சொல்லாமல் விடுகிறது. எங்கள் திரையிசையிலும் பழைய பாடல்களில் புல்லாங்குழல் யார், வயலின் யார், பின்னணியைக் கோர்த்த உதவியாளர் யார் என்று தேடினால் கிழவர்களின் நினைவுதான் கதி. அந்த வெட்கக்கேடு எங்களுக்கும் உண்டு. அதனால்தான் இந்த அழிப்பு எப்படி நடக்கும் என்பதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடிகிறது: முதலில் எழுத்தின் அளவு குறையும், பிறகு வேறு பக்கத்துக்குப் போகும், பிறகு அந்தப் பக்கம் இருக்காது.

நான் கேட்பவை இவை.

நீக்கிய பங்களித்தோர் பகுதியை, 1960க்கு முந்தைய தொகுப்புகள் உட்பட, திரும்பக் கொண்டுவாருங்கள். பாடல் ஓடும் திரையிலேயே ஒரு தட்டில் திறக்கும்படி வையுங்கள். உறையின் பின்பக்கப் படங்கள் உங்கள் கணினிகளில் இன்னும் இருக்கத்தான் செய்யும். அவற்றையும் மீண்டும் இணையுங்கள்.

இசைக்கோர்ப்பாளர் என்பதைத் தேடக்கூடிய தனிப் பிரிவாக ஆக்குங்கள். மேட்லாக்கின் பெயரைத் தட்டினால் அவர் வாசித்தவை, எழுதியவை இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். குழுத் தலைவர் ஒலிக்காத பதிவில் ஒலிப்பவர்களின் பெயர் அவருக்குக் கீழேயாவது கண்ணில் படட்டும். கதாபாத்திரத்தின் பெயரில் பக்கம் வைத்திருந்தால், அது கதாபாத்திரம் என்று அங்கேயே எழுதி, உண்மையில் வாசித்தவர்களின் பக்கங்களுக்கு வழி காட்டுங்கள்.

உரிமையாளர் நிறுவனங்களிடம் கேட்பது: உங்கள் கிடங்குகளில் உள்ள அமர்வுப் பதிவேடுகளையும் சம்பளச் சீட்டுகளையும் படியெடுத்துப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களுக்கும் வாத்தியக்காரர்களின் தொழிற்சங்கத்துக்கும் கொடுங்கள். இசையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்பது பெயர்களை மட்டும். உடன் வாசித்தவர்களுக்கான நிதி, வாரிசுகளைத் தேடிப்பிடிக்க அந்தத் தாள்கள்தான் உதவும்.

ஆதாரத்தோடு வரும் திருத்தங்களைப் பார்த்து முடிவெடுக்க, விஷயம் தெரிந்த ஒரு மனிதரை நியமியுங்கள். தானியங்கி நன்றி எனக்கு வேண்டாம். மேட்லாக்கின் பதிவுகள் குறித்து நான் அனுப்பிய பட்டியலும் உறைப் படங்களும் உங்கள் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, எந்தத் திருத்தத்தை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் எந்த ஆதாரத்தின் பேரில் என்று வரி வரியாக எழுதுங்கள். அடுத்த சந்தாத் தேதிக்கு முன் அந்தப் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கிளாரினெட் ஆசிரியர்